கழட்டக் கூடாத டிரைவர்

கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் பின்னறையில் சூசை தனியாள். அவனுக்குப் பேச்சுத்துணை, கம்ப்யூட்டரில் படம் காட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டின் காற்றாடிச் சத்தம்தான்.

முதலாளி தனுஷ்கோடி அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகப் போட்டார். கிழட்டுக் கார்டுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. திரை இருண்டுவிட்டது.

"பழைய டிரைவரையே போட்டுடலாம் மொதலாளி."

"நான் போட்டதை நீ கழட்டுவியா? அதைத் தொடாம படத்தை வரவை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. வரலேன்னா பெட்டியைக் கட்டு!"

சூசை கார்டையே உருவி மேசையில் வைத்தான். திரையின் வயரைக் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகினான். படம் வந்தது. காற்றாடி இல்லாமல் அறை ஊமையானது.

சாயங்காலம் வீடியோ திக்கித் திக்கி ஓடியது.

"மூணு முடிச்சுப் போட இவ்வளவு நேரமா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னடா இது?" முதலாளி சீறினார்.

"கார்டு இல்லாம இப்படித்தான் ஓடும். கார்டை மாட்டினா உங்க டிரைவர் திரையை இருட்டாக்கும். நான் அதைத் தொடக்கூடாதே, மொதலாளி."

முதலாளி மாமாவைப் பார்த்தார். "பழசையே போட்டுத் தொலை."

சூசை கார்டை மாட்டிப் பழைய டிரைவரைப் போட்டான். படம் சீராக ஓடியது. பார்த்துவிட்டு எல்லோரும் போனார்கள். ஒருவரும் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. காற்றாடி மட்டும் கரகரத்தது.

"வந்துட்டியா?" என்றான் சூசை.