பிணமில்லாத சங்கு

ஆலை கட்டினார்கள், சங்கு ஊதினார்கள், ஒரு ஆள்கூட வேலைக்கு வரவில்லை. கோளாறு இதுதான். மிச்சத்தைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு தீவு. கன்னல் தீவு என்று பேர். கரும்பைத் தவிர அங்கே வேறு பயிர் கிடையாது. வருஷா வருஷம் தை மாசம் அக்கரைக் கப்பல் வரும், வந்து வயிறு முட்டக் கரும்பை ஏற்றிக்கொண்டு போகும், போய் நாலு மூட்டை சர்க்கரையோடு திரும்பி வரும். அவ்வளவுதான் கிடைக்கும்.

ராஜா வில்லாளி ஒரு நாள் பார்த்தான். "நம்ம கரும்பு கடல் தாண்டிப் போய் நமக்கே சர்க்கரையா வருதே, இங்கேயே காய்ச்சினா என்ன?" என்றான். இரும்பு உருளை வாங்கினான், கொப்பரை வாங்கினான், புகைபோக்கி எழுப்பினான். கப்பலைத் துறையில் காக்க வைத்துவிட்டு ஊர்க் கரும்பு மொத்தத்தையும் வெட்டச் சொன்னான். வெட்டின கரும்பு நாலு நாள் தாங்காது, புளித்துவிடும். புளித்தால் அந்த வருஷம் தீவே பட்டினி.

கழனியாள் ஒருத்தன் காக்கை கரைந்ததும் வருவான், ஒருத்தன் கஞ்சி குடித்துவிட்டு வருவான். உருளைக்கு அது ஆகாது. எல்லாரும் ஒன்றாக வரவேண்டும். மந்திரி குழையாண்டி சொன்னான், "பெரிய சங்கு ஒண்ணு வைப்போம் மகாராஜா, ஆவியிலே ஊதும். கேட்டா ஊரே ஓடி வரும்."

"சங்கு ஊதினா வேலைன்னு தண்டோரா போட்டுச் சொல்லிடும்," என்றான் ராஜா.

"ஆகட்டும் மகாராஜா."

போடவில்லை. ஏனென்றால் கப்பல்காரன் அவனுக்கு வருஷம் தவறாமல் பட்டுச் சால்வை போர்த்துகிறவன். இரு, அவசரப்படாதே.

முதல் நாள் சங்கு ஊதியது. ஒருத்தரும் வரவில்லை. "உழவன் சோம்பேறி மகாராஜா," என்றான் மந்திரி. அப்புறம் இரண்டாம் நாள் இரண்டு மடங்கு ஊதியது. ஒருத்தரும் வரவில்லை. "அவன் ஆலைக்கு ஆக மாட்டான். கரும்பைக் கப்பலுக்கே கொடுத்துடலாம்." அப்புறம் மூன்றாம் நாள் மூன்று மடங்கு ஊதியது. காக்கைதான் பறந்தது. கரும்புக் கட்டிலிருந்து புளிப்பு வாடை வந்தது. வில்லாளி கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குள் இறங்கி நடந்தான். மந்திரி பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தலை முழுகின ஈரத்தோடு ஆம்பளைகள் தெருவில் குந்தியிருந்தார்கள். எதிரே ஒரு பொம்பளை, அவள் பின்னால் ஐந்து பேர், மாரில் அடித்துக்கொண்டே வந்தார்கள்.

"ஏய்யா, எந்த வீடு?" என்றாள் அவள்.

"எந்த வீடுன்னா?"

"சாவு வீடுய்யா! மூணு நாளா சங்கு ஊதுறான், பொணத்தைக் காணோம். அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. இங்கே சாவுக்குத்தானே சங்கு ஊதுவாக, பொணம் எடுக்காம எவன் வேலைக்குப் போவான்?"

ராஜாவுக்கு இது தெரியாதா என்கிறாயா? மலை உச்சி அரண்மனைக்கு ஊர்ச் சாவு எங்கே கேட்கும்! வில்லாளி திரும்பினான். "மந்திரி, உமக்குத் தெரியுமா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மகாராஜா."

"அடப் பாவி!" என்றாள் அவள். "போன மாசம் உங்க ஆத்தாளுக்குச் சங்கு ஊதி முடிஞ்சதும் ஒப்பாரி வச்சது நான்தானே? நீங்கதானே எனக்கு முழுச் சேலை தராம துண்டைக் கொடுத்து ஏய்ச்சீக!"



"கரும்பு புளிக்குதே தாயி," என்றான் ராஜா.

"அதுக்கு ஏன் சங்கு? தள்ளுங்க." விறுவிறு என்று ஆலை மேடையில் ஏறினாள், நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள் பாரு! பின்னால் வந்த ஐந்து பேரும் சேர்ந்து போட்டார்கள். நடவு தொடங்கினாலும் பொங்கல் பொங்கினாலும் அங்கே குலவைதான். அவ்வளவுதான், அரிவாளோடு ஓடி வந்தான் ஒருத்தன், கூடையோடு ஓடி வந்தாள் ஒருத்தி, அப்புறம் ஊரே வந்தது. பொழுது சாயுமுன் உருளை ஓடியது, பாகு கொதித்தது, சர்க்கரை விழுந்தது.

"ஊதின சங்குக்கு ஒரு பொணம் வேணுமே?" என்றாள் அவள்.

"இதோ நிக்கிறாரே," என்றான் ராஜா.

அன்றிலிருந்து மந்திரி செத்தவன். கடைக்குப் போனான், "பேய்!" என்று கதவை அடைத்தார்கள். சவரத்துக்குப் போனான், "செத்தவருக்கு எதுக்குய்யா?" என்றார்கள். வீட்டுக்குப் போனான், பெண்டாட்டி அவன் எதிரிலேயே படையல் போட்டாள், சாப்பிட மட்டும் விடவில்லை. பதினாறாம் நாள் அவன் கருமாதியை அவனே பார்த்துவிட்டு, காலிக் கப்பலில் ஏறிப் போனவன்தான்.

அப்புறம் சர்க்கரைக்குச் சாக்கு வேண்டியிருந்தது, சாக்கு ஆலை வந்தது. சக்கை குவிந்தது, காகித ஆலை வந்தது. பல்சக்கரம் உடைந்தது, பட்டறை வைத்தார்கள், பட்டறை பெருத்து இரும்பு ஆலை ஆனது. இப்போது அக்கரைக்காரன் வந்து அங்கே வரிசையில் நிற்கிறான். எல்லா ஆலையிலும் காலையில் குலவைதான்.

உழைக்கிறவன் வாய்மொழி தெரியாமல் அவனைச் சோம்பேறி என்காதே. பாகு இறுகியாச்சு, கதை ஆறியாச்சு. எழுந்து போங்கள்.

என்ன, சரி பண்ணினது ராஜாவா? எவன் சொன்னான்? ஒப்பாரிக்காரி சடச்சி.