தண்ணீர் விட்டுப்போனது

"கழுவினா அழுக்கு போகுது, புள்ளி வருது. கழுவாட்டி புள்ளி இல்ல, அழுக்கு இருக்கு. நான் என்னதாம்மா பண்றது?"

கேட்டவர் கோதண்டபாணி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தொன்று.

கேட்கப்பட்டவள் நஸீமா. வாடகைக் கார் ஓட்டுகிறவள். கிழக்குத் தாம்பரத்தில் அவர் குடியிருக்கும் அதே அடுக்ககத்தில் பக்கத்து வீடு. அவர் வயதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்.

முப்பத்திநான்கு வருடம் ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனிதர் ஈரத் துண்டும் கையுமாக வந்து நின்று சந்தேகம் கேட்கிறார் என்றால், விஷயம் முற்றிப்போய்விட்டது என்று அர்த்தம்.

நஸீமா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மணி என்ன சார்?"

"எட்டே முக்கால்."

"வெயில் எங்க இருக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். "என் வண்டி மேலதான்."

"அதுகிட்ட கேளுங்க" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கீழ்த்தளத்து நிழலில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே அழுக்கு சரியாகத் தெரியாது என்று வண்டியை வெளியே எடுத்து, நல்ல வெயிலில் நிறுத்தித்தான் கழுவுவார். வெயில் சும்மாவே காயவைத்துத் தருகிறது, எதற்குக் கைவலிக்கத் துடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

வண்டி வேறு கறுப்பு. பார்த்துப் பார்த்து வாங்கிய கறுப்பு.

இன்னொரு கேள்வி கேட்க வாய் திறந்தார். அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் மனைவி கோகிலா இறங்கி வந்தாள். கையில் பை. பையில் செங்கல்பட்டில் இருக்கும் அக்காவுக்குப் போட்ட ஊறுகாய். நேராக வந்து நஸீமாவின் வண்டியில் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"ரசம் மேடை மேல இருக்கு. சாதம் மட்டும் வச்சுக்குங்க" என்றாள்.

வண்டி போய்விட்டது.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். கோகிலா கோபப்படவே இல்லை. போன வாரம்தான் சொன்னாள்: "நீங்க நிதானமா கழுவுங்க. நான் நஸீமா வண்டியில போயிக்கிறேன். அக்கா பத்து மணியிலேருந்து வாசல்லயே நிக்கிறா."

ஞாயிறுதோறும் ஒன்பதுக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இவர் கழுவி, புள்ளி பார்த்து, மறுபடி கழுவி, மறுபடி புள்ளி பார்த்து முடிக்கும்போது பதினொன்றாகிவிடும். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடமாக இப்படித்தான்.

கோதண்டபாணிக்கு அக்கா வீட்டைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. போகும் வழிதான் அவருக்கு வேண்டும். வீட்டில் கோகிலாவுக்கு ஆயிரம் வேலை. வண்டியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேசுவாள். தாம்பரத்தில் ஆரம்பித்தால் செங்கல்பட்டு வரை பேசுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு வண்டியே வாங்கினார். இதை அவளிடம் சொன்னதில்லை.

இப்போது அவள் வேறு வண்டியில் போகிறாள். இவர் வண்டி புள்ளியோடு நிற்கிறது.

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. துண்டைப் பிழிந்தார்.

*

புதன்கிழமை நஸீமா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீயும் இதே போர் தண்ணியிலதான் கழுவுற. உன் வண்டியும் கறுப்பு மாதிரிதான், கருநீலம். இருபது நிமிஷத்துல முடிச்சிடுற. ஒரு புள்ளி இல்ல. எனக்கும் சொல்லிக் குடு."

"சொல்லிக் குடுத்தா எனக்கு ஞாயித்துக்கிழமை சவாரி போயிடுமே சார்?"

அவர் வாசலை விட்டு நகரவில்லை.

நஸீமா சிரித்துவிட்டாள். "கடைசியா எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

இதற்கு மட்டும் அவர் முகம் மலர்ந்தது. "நல்ல தண்ணி. குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின்லேருந்து ஒரு குழாய் வழியா வெளிய போகுது பாரு, வீணா. அதை சனிக்கிழமை பூரா டிரம்முல பிடிச்சு வச்சிடுவேன். ஒரு சொட்டு விடமாட்டேன்."

அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அப்படிப் பிடித்து வைக்கிறவர்கள்தான். அதைப் பற்றிக் குடியிருப்போர் கூட்டத்தில் அவர் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறார்.

நஸீமா உள்ளே போய் ஒரு கறுப்பு தோசைக்கல்லை எடுத்து வந்தாள். மொட்டைமாடிக்குப் போனார்கள். கல்லின் ஒரு பக்கம் குழாய்த் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றினாள். இன்னொரு பக்கம் அவருடைய டிரம்மில் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு கரண்டி.

"வெயில்ல இருக்கட்டும். ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க."

அவர் தூங்கப் போகவில்லை. தேர்வுக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவரைப் போல அங்கேயே நின்றார்.

முக்கால் மணி கழித்து அவள் வந்தாள்.

"தண்ணி எங்க சார்?"

"போயிடுச்சு."

"என்ன இருக்கு?"

குழாய்த் தண்ணீர் இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வட்டம். டிரம் தண்ணீர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வட்டம்.

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

"மெஷின் தண்ணியிலேருந்து உப்பை எடுக்குது. எடுத்து எங்க போடுதுன்னு நினைச்சீங்க?"

கோதண்டபாணி டிரம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"இத்தனை நாளா நானே..."

"தண்ணி தானா போனா, வச்சிருக்கிறதை இங்க விட்டுட்டுத்தான் போகும் சார். போறதுக்கு முன்னாடி நீங்க எடுத்துடணும்."

"அப்ப கடைசியா எதை ஊத்துறது?"

"ஒரு வாளி குடிக்கிற தண்ணி."

"குடிக்கிற தண்ணியையா!"

"சிக்கனத்தை முதல் வாளியில காட்டுங்க. கடைசி வாளியில காட்டாதீங்க."

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. கைதட்டு வாங்கியதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் வண்டி நிழலில் நின்றது.

சக்கரங்களை முதலில் கழுவினார். பிறகு கூரை, பிறகு கீழே. ஒரு பக்கத்தை முடித்து அலசிவிட்டுத்தான் அடுத்த பக்கம். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. எல்லாம் நஸீமா சொன்னபடி.

அலசும்போது வழக்கம்போல் குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பீய்ச்சினார்.

நஸீமா வந்து அவர் கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

"அது பாட்டுக்கு வழியட்டும்."

கூரையிலிருந்து தண்ணீர் ஒரே விரிப்பாக வழுக்கி இறங்கியது. போன வழியில் சொட்டே நிற்கவில்லை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். கடைசியாக, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு வாளி குடிதண்ணீரை ஊற்றினார்.

அதுவரை எல்லாம் சரிதான். துடைக்க ஆரம்பித்தபோதுதான் கை காட்டிக்கொடுத்தது.

முப்பத்திநான்கு வருடம் கறுப்பில் வெள்ளையைக் கண்டால் அழித்தே பழகிய கை. வட்டம் வட்டமாகத் தேய்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி வந்து தேய்த்தார். ஒரு பக்கம் தேய்க்கும்போது இன்னொரு பக்கம் காய்ந்துகொண்டிருந்தது.

நஸீமா துணியை வாங்கினாள். தடிமனான மைக்ரோஃபைபர் துணி, அவளுடையது. பானட்டின் மேல் போர்வை மாதிரி விரித்துப் போட்டாள். இரண்டு முனைகளைப் பிடித்துத் தன் பக்கம் மெதுவாக இழுத்தாள். பானட் காய்ந்துவிட்டது.

"அழுத்த வேண்டாமா?"

"அதுவே குடிச்சுக்கும் சார். நீங்க ஊட்டிவிட வேண்டாம்."

ஒன்பது மணிக்கு கோகிலா இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

"கிளம்பலாமா?" என்றாள்.

"இதோ, ஒரு நிமிஷம். பின்கதவுல ஒரு கோடு தெரியுது."

அவள் படியில் உட்கார்ந்தாள்.

கோட்டை எடுத்தார். அதற்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது. அதை எடுத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தபோது படியில் யாரும் இல்லை. மணி ஒன்பதே கால்.

வாசலில் நஸீமாவின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கோகிலா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னவோ பேசிக்கொண்டே போனாள்.

அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. சொல்லிக்கொடுத்தவளே கூட்டிக்கொண்டு போய்விட்டாளே!

சாயங்காலம் அவளிடம் அதைக் கேட்டும்விட்டார்.

"அம்மா கூப்பிட்டாங்க, போனேன்" என்றாள் நஸீமா. "நீங்க கூப்பிட்டீங்களா?"

*

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குக் கோதண்டபாணி வேலையை முடித்துவிட்டார்.

முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆனது. கதவுகளைத் திறந்து விளிம்பெல்லாம் துடைத்தார். சுற்றி வந்து பார்த்தார். எதிர்ப்பக்கம் சுற்றி வந்து பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. மனசு நிறைந்துவிட்டது. போய்க் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியோடு இறங்கி வந்தார். எட்டே ஐம்பது.

பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற பக்கக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு சொட்டு கதவின் மேல் இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஒற்றி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சொட்டு வந்தது. அதையும் எடுத்தார். இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கக் கண்ணாடியிலிருந்து ஒன்று. அதை எடுக்க ஓடினால் இந்தப் பக்கம்.

"நஸீமா!"

அவள் தன் வண்டிக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப முடியும்?"

"உள்ள இருக்கிற தண்ணி சார். ஒளிஞ்சிருக்கு. நிறுத்தி வச்சா ஒவ்வொண்ணாத்தான் வரும். மத்தியானம் வரைக்கும் வரும்."

"அப்ப?"

"ஓட்டுங்க. ரெண்டு வேகத்தடை ஏறி இறங்கினா மொத்தமும் வெளிய வந்துடும்."

"வந்தா கதவுல வழியுமே."

"வழியும்."

"வழிஞ்சா காயுமே. காஞ்சா புள்ளி விழுமே."

"காயறதுக்கு முன்னாடி துடைச்சிடணும்."

"ஓட்டுறவன் எப்படிம்மா துடைப்பான்?"

நஸீமா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வந்து, அவர் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக்கொண்டாள். ஒரு காய்ந்த துணியை எடுத்தாள். அவர் வண்டியின் இடதுபக்க முன்கதவைத் திறந்து, அந்தத் துணியை மடித்துச் சீட்டின் மேல் வைத்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய் மறுபடி டீயை எடுத்துக்கொண்டாள்.

கோகிலா பையோடு இறங்கி வந்தாள். இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். ஒன்றின் கதவு திறந்திருந்தது.

ஒரு சொட்டு கண்ணாடியிலிருந்து கிளம்பியது. கோதண்டபாணியின் கை அதை நோக்கிப் போனது. அவர் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கோகிலா," என்றார். "வாயேன். போகலாம்."

கோகிலா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். சீட்டின் மேல் இருந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் ஓட்டினார். தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. நஸீமா சொன்னது சரிதான். கோகிலா பக்கத்துக் கண்ணாடியிலிருந்து நாலைந்து சொட்டு ஒன்றாகக் கிளம்பிக் கதவில் இறங்கின. அவருக்குப் பார்வை அங்கேயே போனது. கால் பிரேக்கைத் தேடியது.

"நேரா பாத்து ஓட்டுங்க" என்றாள் கோகிலா.

பெரிய ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றது. கோகிலா ஜன்னலை இறக்கிக் கையை வெளியே விட்டாள்.

"தேய்க்காதே. விரிச்சு, மேலேருந்து கீழ..."

"தெரியும். போன வாரம் நஸீமா வண்டியில நான்தான் துடைச்சேன்."

துடைத்தாள். ஜன்னலை ஏற்றினாள். துணியை மடித்தாள்.

கண்ணாடியின் அடியில் ஒரு சொட்டு விட்டுப்போயிருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வெயில் அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. இப்போது சொன்னால் துடைத்துவிடுவாள்.

"ஏங்க, விஷயம் தெரியுமா?" என்றாள் கோகிலா. "அக்கா என்ன பண்ணியிருக்கா?"

பச்சை விளக்கு விழுந்தது.

"என்ன பண்ணினா?" என்றார் கோதண்டபாணி.