ஏழாவது நிபந்தனை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் தணிகாசலம் அண்ணாச்சி. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

முகங்களை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார் தணிகாசலம். மங்கலான படங்களில் அது ஆளை மாற்றிக் காட்டும். அவருக்குத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். ஒரு காவல் நிலையத்தில் அதை இயக்கினார்கள். திருடன் என்று அது காட்டிய முகம் அவருடைய தம்பி குணாளனுடையது. அவனைப் பிடித்துப்போனார்கள்; மூன்றாம் நாள் உடலைத்தான் கொடுத்தார்கள்.

கருமாதி முடிந்ததும் நிரலைத் திருத்தினார். அதை யார், எப்படி இயக்கலாம் என்று சொல்லும் புதிய உரிமம் ஒன்றும் எழுதி, சகாயமேரியிடம் கொண்டுபோனார். எந்த உரிமம், யாரும் எதற்கும் இயக்கலாம் என்று விடப்படும் கட்டற்ற மென்பொருளுக்கு உரியது என்று பார்த்துச் சொல்லும் குழுவுக்கு அவர் தலைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் உரிமங்களைப் படிக்க இவர் கற்றது அவரிடம்தான்.

"வக்கீல் எழுதினதா?"

"நான்தான் டீச்சர்."

"அதான் புரியுது."

ஏழாவது நிபந்தனையில் டீச்சரின் விரல் நின்றது. இந்த நிரலால் ஒரு மனிதருக்குக் கேடு செய்தவர் இதை இனி இயக்கக் கூடாது.

"இது கட்டற்ற மென்பொருள் இல்ல."

"என் தம்பியைக் கொன்னவனுக்கும் நான் உரிமை கொடுக்கணுமா?"

"கொலைக்குக் கேஸ் போடுங்க. நிரல் எங்க தப்பும்னு கூண்டுல ஏறி நானே சொல்றேன். ஆனா உரிமத்துல யாரும்னா, யாரும்தான்."

"குணாளனுக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான்."

"இதை நம்ம பட்டியல்ல சேர்க்க முடியாது. பட்டியல்ல இருக்கறதைத்தான் எல்லாரும் எடுப்பாங்க; சேர்க்கலைன்னா திருத்தின நிரல் யாருக்கும் போகாது. ஸ்டேஷன்ல பழசே ஓடும். நாளைக்கு இன்னொருத்தர் தம்பியைக் காட்டும்."

தணிகாசலம் பேனாவை வாங்கி ஏழாவதை அடித்தார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உரிமம் கொண்டுவருபவர் அதன் முதல் வரியில் 'யாரும்' என்று வரும் இடத்தில், கொடுக்க மனம் வராத ஆளின் பெயரைப் போட்டு உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாதவரின் உரிமம் பட்டியலில் ஏறாது.

தணிகாசலம், தம்பியைப் பிடித்துப்போன காவல் அதிகாரியின் பெயரைப் போட்டு வாசித்தார். அவர் இந்த நிரலை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். குரல் நடுங்கவில்லை. அந்தப் பெயரைத் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"நீங்க அடிச்ச நிபந்தனை இன்னொருத்தரையும் தடுத்துச்சே. அந்தப் பேரையும் போட்டு வாசிங்க."

"யாரை?"

"படம் மங்கலா இருந்தா தப்பும்னு முன்னாடியே தெரிஞ்சவரை."

தணிகாசலம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்தார். இவர் வாசிக்காமலே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

கதையை இந்த இடத்தில்தான் எப்போதும் முடிப்பார்.

ஆனால் திருத்திய அந்த நிரல் பட்டியலில் இருக்கிறது. நானே பார்த்தேன். ஏழாவது நிபந்தனை இல்லை. கீழே சகாயமேரியின் கையெழுத்து. தேதி, அவர் ஆஸ்பத்திரியில் இறந்ததற்கு முந்தைய நாள்.

போன மாதம் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்க பேரை அவங்ககிட்ட எப்ப வாசிச்சுக் காட்டினீங்க?"