முள்வேலிக்குள் நீர்க்காகங்கள்

ஆலங்கரை ஏரியில் பங்குனி பிறந்தால் தண்ணீர் வற்றும். மீன்கள் எல்லாம் நடுவில் உள்ள மடுவுக்கு ஒதுங்கிவிடும். அப்போது நாலா பக்கமிருந்தும், புதிதாகக் கூட்டை விட்டுக் கிளம்பிய இளம் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். தின்பதும் கத்துவதும் ஒன்றின் மேல் ஒன்று தண்ணீரை வாரி அடிப்பதுமாக ஏரி அமளிப்படும்.

போன பங்குனியில் ஒரு நெரிசல் நடந்தது. மடுவில் மூழ்கியிருந்த நீர்க்காகங்கள் திடீரென்று அலறிக்கொண்டு மேலே வந்தன. மற்ற பறவைகள் மிரண்டு கரைக்கு ஓடின. ஓட்டத்தில் பல குஞ்சுகள் மிதிபட்டுச் செத்தன.

"கறுப்புகள்தான் கலவரத்தைக் கிளப்பினாங்க!" என்றார் ஏரித் தலைவர் நாரை. நாரை வெள்ளை. கொக்கும் வெள்ளை. கூழைக்கடாவும் வெள்ளை. யாரும் மறுத்துப் பேசவில்லை.

மீனாள் என்ற நீர்க்காகம் மட்டும் முன்னால் வந்தாள். "மடுவுக்குள்ள முதலை இருக்குங்க. அதைப் பார்த்துத்தான் கத்தினோம். செத்ததுல எங்க குஞ்சுகளும் உண்டுங்க."

"முதலையா! வேற யார் பார்த்தாங்க?"

வேறு யாரும் பார்க்கவில்லை. தண்ணீருக்கு அடியில் போய்க் கண்ணைத் திறந்து பார்ப்பவர்கள் அங்கே நீர்க்காகங்கள் மட்டும்தான்.

இந்த வருஷம் கூட்டம் வருவதற்கு முன்பே புது ஏற்பாடு தயாராக இருந்தது. கிழக்கு மூலையில், கணுக்கால் அளவுத் தண்ணீரைச் சுற்றிக் கருவேல முள்ளால் வேலி போட்டார்கள். நீர்க்காகங்கள் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். மூழ்கக் கூடாது. சிறகை விரிக்கக் கூடாது.

"சிறகை விரிக்கலேன்னா எப்படிங்க காயும்? எங்க இறகு தண்ணியை உறிஞ்சிக்கும். ஈரத்தோட எங்களால பறக்க முடியாதுங்க!" என்றாள் மீனாள்.

"விரிச்சுக்கிட்டு நிக்கறதைப் பார்த்தா சின்னப் பிள்ளைங்க பயப்படுதுங்க," என்றார் நாரை.

காவலுக்கு ஆள்காட்டிப் பறவையை நிறுத்தினார்கள். ஆள்காட்டிக்கு ஒரே ஒரு குரல்தான். ஆபத்து வந்தால் அந்தக் குரலில் கத்துவான். ஏரி முழுக்கக் கேட்கும். இப்போது நாரை அவனிடம், "கறுப்புச் சிறகு விரிஞ்சா கத்து," என்றார். அவனும் கத்தினான். ஒவ்வொரு முறை கத்தியபோதும் வெள்ளைப் பறவைகள் கிழக்கு மூலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக, மடுவை நோக்கி நகர்ந்தன. சீக்கிரமே அது பழக்கமாகிவிட்டது. ஏன் நகர்கிறோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று உச்சி வெயில். காற்று இல்லை. தண்ணீர் பால் போல வெளுத்துக் கிடந்தது.

"என்ன அண்ணே, தொண்டை வறண்டு போச்சா?" என்றாள் மீனாள், ஆள்காட்டியிடம். காலையிலிருந்து சிறகை விரிக்கப் பார்த்தபோதெல்லாம் அவன் கத்த, உடனே மடக்கிக்கொண்டதில் அவள் உடம்பு ஈரத்தில் ஊறிப்போயிருந்தது.

"உன்னாலதான்! கொஞ்சம் சும்மா நின்னா நானும் சும்மா இருப்பேன்ல?"

"அந்தக் கொக்குக் கூட்டத்தைப் பாருங்க அண்ணே. காலையில இருந்ததுல பாதிதான் இருக்கு."

"பறந்து போயிருப்பாங்க."

"பறந்தா சத்தம் கேட்டிருக்காதா?"

ஆள்காட்டி ஏரியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு சத்தமும் கேட்கவில்லைதான். மடுவின் ஓரத்தில் நாரைத் தலைவர் தன் மகள் துளியோடு நின்றார். துளிக்கு இது முதல் பங்குனி.

"பார்த்தியா துளி, எவ்வளவு அமைதி! போன வருஷம் இப்படியா இருந்துச்சு?"

அவருக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு கொக்கைக் காணோம். அது நின்ற இடத்தில் ஒரு வட்டம் மெல்ல விரிந்து அடங்கியது. வெள்ளை இறகு ஒன்று மிதந்தது.

மீனாள் சட்டென்று தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தாள். தூரத்தில் மெல்லிய கால்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால், மடுவின் வாயில், ஒரு கட்டை கிடந்தது. கட்டைக்குக் கண் இருந்தது. அது கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, முதலை! கத்துங்க!"

ஆள்காட்டியும் இப்போது தண்ணீர் பிளப்பதைப் பார்த்துவிட்டான். உயிரைக் கொடுத்துக் கத்தினான்.

வெள்ளைப் பறவைகள் கிழக்கு மூலையைப் பார்த்தன. பிறகு எப்போதும் போல மடுவை நோக்கி நகர்ந்தன. துளியும் நகர்ந்தாள்.

"நிறுத்துங்க அண்ணே! நீங்க கத்தக் கத்த அதோட வாய்க்குள்ளேதான் போறாங்க!"

ஆள்காட்டியின் வாய் திறந்தபடியே நின்றது. அவனிடம் வேறு குரல் இல்லை.

"எங்களைப் பார்த்தாதானே ஓடுவாங்க? ஓடட்டும்!" என்றாள் மீனாள்.

அவள் முள்ளைக் கிழித்துக்கொண்டு எழும்பினாள். சிறகு ஈயமாகக் கனத்தது. தண்ணீரை உரசியபடியே பறந்து, மடுவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி, கறுப்புச் சிறகை முழுசாக விரித்துக் கூட்டத்தின் மேல் அலறிக்கொண்டு பாய்ந்தாள்.

"கறுப்பு! கறுப்பு வருது!"

எல்லாப் பறவைகளும் கரையை நோக்கிப் பறந்தன. துளி கடைசியாக எழும்பினாள். அவள் கால் நுனிக்குக் கீழே ஏதோ ஒன்று 'டப்' என்று மூடிக்கொண்டது.

மீனாளால் அதற்கு மேல் பறக்க முடியவில்லை. ஈரச் சிறகோடு தண்ணீரில் விழுந்தாள். ஒரு வட்டம் விரிந்தது. அடங்கியது.

கரையில் நாரை மூச்சு வாங்கிக்கொண்டே, "பார்த்தீங்களா! திரும்பவும் அதே கறுப்புகள்! திரும்பவும் அதே கலவரம்!" என்றார்.

"அப்பா, அந்தக் கறுப்பு அக்கா எங்கே?" என்றாள் துளி.

"ஓடிப்போயிருப்பா."

"தலைவரே, அவ வந்து..." என்று ஆரம்பித்தான் ஆள்காட்டி.

"உன்னைக் கேட்டேனா?"

ஆள்காட்டி தன் காவல் இடத்துக்கே திரும்பிப் போனான்.

மறு பங்குனிக்கு முள்வேலி இரண்டு மடங்காக உயர்ந்தது. ஆனால் நீர்க்காகங்கள் வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. ஏரி அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு நண்பகலில் மடுவின் வாயில் கட்டை ஒன்று மிதந்தது. ஆள்காட்டி கத்தினான்.

பறவைகள் தலையைத் தூக்கிக் கிழக்கு மூலையைப் பார்த்தன. வேலிக்குள் யாரும் இல்லை. வெறும் தண்ணீர்தான். ஆனாலும் அந்த மூலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடியாக, எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.

நீதி: நிறத்தைப் பார்த்துக் காவல் காக்கும் ஊர், தன்னைக் காப்பாற்றக்கூடிய கண்களையே முதலில் வேலிக்குள் அடைக்கிறது.