இரவலைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்

"என் வாசிப்புல நான் எங்கேம்மா இருக்கேன்?" என்று கேட்டார் சவரிமுத்து.

அபரஞ்சி பதில் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. ரயில் போகும்போது அவர் பேசுவதில்லை. விருத்தாசலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு பாட்டு சொல்லிக்கொடுப்பவருக்கு வேறு வழியும் இல்லை.

கடைசிப் பெட்டி போயிற்று.

"இப்ப சொல்லுங்க" என்றார் அபரஞ்சி.

சவரிமுத்து ஐம்பதைத் தாண்டியவர். ஐஸ் பேக்டரியில் ராத்திரி ஷிப்ட். முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட். யாரிடமும் முறையாக உட்கார்ந்து கற்றவரில்லை. எல்லாம் கேட்டுக் கேட்டு வந்தது. அபரஞ்சி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் சவரிமுத்து அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"பங்குனியில சபாவுல தனிக் கச்சேரி குடுக்கறேங்கறாங்க. ஊர்வலத்துல நடந்துக்கிட்டே வாசிச்சவனை முதல் தடவையா உட்கார வச்சுக் கேக்கறேங்கறாங்க."

"நல்லதுதானே."

"எங்க டிரம்மர் பாஸ்கர் என்ன சொல்றான் தெரியுமா? 'அண்ணே, நீங்க கல்யாணி வாசிச்சா மூணு பேரு தெரியறாங்க. நாலாவதா ஒரு ஆளு தெரிஞ்சா சொல்லி அனுப்பறேன்'ங்கறான்."

அபரஞ்சி சிரித்தார். சவரிமுத்து சிரிக்கவில்லை.

"அவன் சொல்றது நெசம்மா. மேல போய் நிக்கறது பெண்ணாடம் தருமலிங்கம் நாகசுரம். எறங்கும்போது ஒரு குழைவு வருது பாருங்க, அது சிதம்பரம் ராமபத்திரன் வயலின். முடிக்கிறது எங்க பேண்டு ஆரோக்கியம் மாஸ்டர். நடுவுல நான் காத்து மட்டும் ஊதறேன்."

"சரி."

"ஞாயித்துக்கிழமை நெய்வேலியிலேருந்து ஒருத்தர் கிளாரினெட்டை விலைக்குப் பாக்க வர்றாரு. என்னுதுன்னு ஒண்ணும் இல்லேன்னா குடுத்துடப் போறேன். இரவல் நகையைப் போட்டுக்கிட்டு மேடையில உட்கார முடியாதும்மா."

"இரவல்னா திருப்பிக் குடுத்துடுங்க."

"எதை?"

"மூணையும்தான். உடையவங்ககிட்ட போங்க. வாசிச்சுக் காட்டுங்க. இது உங்களுது, வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு பாப்போம்."

"சங்கீதத்தை எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது?"

"வாங்கும்போது எப்படி வாங்கினீங்க?"

அடுத்த வண்டி வந்துவிட்டது. சவரிமுத்து எழுந்துகொண்டார்.

*

தருமலிங்கம் இறந்து வெகுகாலமாகிறது. அவர் மகள் சிவகாமி பெண்ணாடத்தில் தையல் கடை வைத்திருந்தார்.

வந்த விஷயத்தைச் சொன்னதும், "வாசிங்க, கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

சவரிமுத்து கல்யாணியில் மேலே போனார். நிஷாதத்தில் நின்றார். இதோ இறங்கிவிடுவார் என்று இருந்தது. இறங்கவில்லை.

மிஷின் நின்றது.

"இது எங்கப்பா வாசிச்சதுன்னு யாரு சொன்னது?"

"நானே கேட்டேங்க, சின்ன வயசுல. திருவிழாவுல சாமி எங்க வீட்டு முனைக்கு வரும்போது இப்படித்தான் நிப்பாரு. எங்கம்மா ஜெபம் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. நான் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு இருப்பேன்."

"உங்க வீடு எது?"

"மேலவீதி திரும்பற முனை."

சிவகாமி வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த முனையில சப்பரம் திரும்பணும்ல? சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, அந்தப் பக்கம் தள்ளு, இந்தப் பக்கம் தள்ளுன்னு ஒரே கூப்பாடா இருக்கும். அது திரும்பற வரைக்கும் அப்பா ஒரே சுரத்துல நிப்பாரு. திரும்பின உடனே எறங்கிடுவாரு. மத்த தெருவுல நிக்கவே மாட்டாரு."

"நான் அந்த முனையில மட்டும்தாங்க கேட்டேன்."

"அப்பாவுக்குச் சப்பரம் திரும்பணும், நின்னாரு. உங்களுக்கு என்ன திரும்பணும்?"

சவரிமுத்து கிளாரினெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்களுது இல்லைங்க. எடுத்துட்டுப் போங்க" என்றார் சிவகாமி. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

*

சிதம்பரத்தில் ராமபத்திரன் கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் திறந்துவிட்டார்.

"இன்னொரு தரம் வாசிங்கோ."

சவரிமுத்து வாசித்தார்.

"இந்த இடத்துல சுருதி ஏன் தொங்கறது?"

"நீங்க அப்படித்தானே சார் வாசிச்சிருக்கீங்க. கேசட்டுல இருக்கே."

"நானா?" உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கேட்டியோ, நான் சுருதி தொங்க வாசிச்சிருக்கேனாம்!"

"எப்போ?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

ராமபத்திரனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"எதுல போட்டுக் கேட்டேள்?"

"பேக்டரி டேப்ரிக்கார்டர்ல சார். எங்க ஐஸ் பேக்டரியில. ராத்திரி முழுக்க உங்க கேசட்டுதான் ஓடும். நடுவுல கம்ப்ரஸர் போடுவாங்க. போட்ட உடனே கரண்டு இழுக்கும், லைட்டு மங்கும்..."

சவரிமுத்து நிறுத்திக்கொண்டார்.

"டேப்பும் இழுக்கும்" என்றார் ராமபத்திரன்.

"ஆமா சார்."

"நேரா போய் அந்தக் கம்ப்ரஸர்கிட்டக் குடுத்துடுங்கோ."

சவரிமுத்து கிளாரினெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். இத்தனை வருஷம் அந்த இடத்தில் அவருக்குக் கண் கலங்கியிருக்கிறது. லைட் மங்கினதுக்கா கலங்கினோம் என்று இருந்தது.

வாசல்வரை வந்துவிட்டார்.

"போறதுக்கு முன்னாடி" என்றார் ராமபத்திரன், "அதை இன்னும் ஒரு தரம் வாசிச்சுட்டுப் போங்கோ."

*

ஆரோக்கியம் மாஸ்டர் கட்டிலோடு கிடந்தார். பல் போய்விட்டது. அவருடைய கிளாரினெட் சுவரில் ஆணியில் தொங்கியது.

அவருடைய முடிப்பு ஊருக்கே தெரிந்தது. என்ன பாட்டாக இருந்தாலும் கடைசியில் கடகடவென்று மேலே ஏறி, உச்சியில் மூன்று தட்டுத் தட்டி விடுவார். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைந்தாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம்.

சவரிமுத்து வாசித்து முடிக்கவில்லை.

"என்னுதுதான்" என்றார் மாஸ்டர்.

"தெரியும் மாஸ்டர். அதான் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எடுக்கும்போது கேட்டியாடா?"

"இல்ல மாஸ்டர்."

"ஊரு ஊரா வாசிச்சியே. ஒருத்தன்கிட்டயாவது இது ஆரோக்கியம் மாஸ்டருதுன்னு சொன்னியா?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"பல்லு போனதுக்கு அப்புறம் எவனுக்குடா தெரியும்?"

சவரிமுத்து கிளாரினெட்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"சரி, வச்சுட்டுப் போ. இனிமே நீ வாசிக்கக் கூடாது."

"வாசிக்கல மாஸ்டர்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சவரிமுத்து செருப்பை மாட்டும்போது உள்ளே சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுகிற சத்தம். கடகடவென்று ஏறியது. மூன்று தட்டு. நின்றது. மறுபடி முதலிலிருந்து.

*

"குடுத்தாச்சா?" என்று கேட்டார் அபரஞ்சி.

"ரெண்டை எங்களுது இல்லேன்னுட்டாங்க. ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டாரு."

"மிச்சத்தை வாசிங்க."

சவரிமுத்து கல்யாணியை எடுத்தார்.

மேலே போனார். நிஷாதத்தில் நின்றார். எது திரும்பவேண்டும் என்று தெரியாமலே நின்றார். சப்பரம் இல்லை, கட்டை இல்லை, கூப்பாடு இல்லை. ஆனால் ஏதோ ஒன்று திரும்பியது. அதன் பிறகுதான் இறங்கினார்.

இறங்குகிற வழியில், அந்த இடத்தில், அவருக்குள்ளே கம்ப்ரஸர் போட்டார்கள். லைட் மங்கியது. திரும்ப வெளிச்சம் வந்தது.

முடிவு வந்தது.

விரல்கள் தாமாகவே மாஸ்டரின் படிக்கட்டில் கால் வைத்துவிட்டன. சவரிமுத்து அவற்றைப் பிடித்து இழுத்தார். மாதா மேல் சத்தியம்.

அங்கே ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷத்தில் வேறு மாதிரி முடித்தே பழக்கமில்லை. நெஞ்சில் பாதி மூச்சு பாக்கி இருந்தது. அது எங்கேயாவது போயாக வேண்டும்.

இரண்டு சுரம் கீழே போயிற்று. மூன்றாவதில் பாதி. அங்கேயே விட்டுவிட்டார், கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி. இருவரும் அது போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"முடிக்கத் தெரியலம்மா" என்றார் சவரிமுத்து. "இருந்த ஒண்ணையும் குடுத்துட்டு வந்துட்டேன்."

கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வொன்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்தார். மூடினார். கொக்கியைப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை அவரு வரட்டும்."

அபரஞ்சி ஜன்னலைப் பார்த்தபடி எதையோ முணுமுணுத்தார். இரண்டு சுரம். மூன்றாவது முழுசாக.

"அப்படி இல்லம்மா" என்றார் சவரிமுத்து, கொக்கியை அழுத்திக்கொண்டே.

"பின்ன? இப்படியா?"

இந்தத் தடவை மூன்றாவதில் பாதியோடு விட்டார்.

"இல்ல, இல்ல. அவ்வளவு வெடுக்குன்னு விடக் கூடாது. அது..."

சவரிமுத்து நிமிர்ந்தார்.

அபரஞ்சி பேசவில்லை. ரயில் எதுவும் வரவில்லை. ஆனாலும் பேசவில்லை.

சவரிமுத்து பெட்டியின் கொக்கியைத் திறந்தார்.