பட்டப்பகலில் நூறு விளக்கு

மாசாணத்தின் செக்கு மாட்டை அரண்மனை ஆட்கள் அவிழ்த்துக்கொண்டு போனபோது, அவளும் பின்னாலேயே நடந்தாள். மாடு இல்லாமல் செக்கு ஓடாது. செக்கு ஓடாமல் அவள் வீட்டில் உலை கொதிக்காது.

அந்த நாட்டில் எண்ணெய் ஆட்டுகிறவர்கள் பாதி எண்ணெயை வரியாகக் கொடுக்க வேண்டும். எண்ணெயே இல்லாமல் வெளிச்சம் தரும் வழியைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வரி. மந்திரி விஜயரங்கரும் வருஷக்கணக்காகக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாசாணம் போய் நின்ற ஆராய்ச்சி மண்டபத்துக்கு ராஜாவும் வந்திருந்தார். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று சன்னல்களையெல்லாம் தடித்த திரையால் மூடி, உச்சிப்பொழுதில் நூறு விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

"வரி கட்டாதவளுக்கு மாடு எதற்கு?" என்றார் மந்திரி. "ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் இந்த மண்டபத்துக்கு வெளிச்சம் கொடு, மாட்டை ஓட்டிக்கொண்டு போ."

சபை சிரித்தது. மாசாணத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இதற்கா சாமி இத்தனை வருஷம்?" என்றவள் திரைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். வெயில் உள்ளே கொட்டியது. நூறு விளக்கும் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ராஜா விளக்குகளைப் பார்த்தார். "வரி எண்ணெயெல்லாம் எங்கே போகிறது, மந்திரியாரே?"

"இந்த விளக்குகளுக்குத்தான், அரசே. ஆராய்ச்சி செய்ய வெளிச்சம் வேண்டுமே!"

ராஜா தலையில் அடித்துக்கொண்டு, மாட்டைக் கொடுக்கச் சொன்னார்.

மந்திரி விடவில்லை. "பகலுக்குச் சரி. ராத்திரிக்கு என்ன செய்வாய்?"

மாசாணம் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அதற்குத்தானே சாமி எண்ணெய் ஆட்டுகிறேன். வழியை விடுங்கள்."