தையல் கிளாஸ் இருந்த வீடு

அந்தப் பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தவர் ஜுலேகா டீச்சர். இப்போது அதை நடத்துகிறவள் செண்பகவல்லி. வயதில் செண்பகவல்லிதான் மூத்தவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு சங்கம் இருந்த வீட்டு வாசலை மிதித்த நாளிலிருந்து அவள் எல்லாவற்றையும் டீச்சரிடம்தான் கற்றாள், போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து பேசுவது உட்பட.

டீச்சர் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியதும் செண்பகவல்லி சும்மா இருக்கவில்லை. நடையாய் நடந்து, சங்கத்தை அரசாங்க உதவி மையமாக அங்கீகரிக்க வைத்தாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றைப் பிடித்து வாடகைக்கும் சம்பளத்துக்கும் வழி செய்தாள். இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்: ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி பெரிய பலகை வேண்டும். யார் முத்திரை மேலே, யார் முத்திரை கீழே என்று இரண்டு பேரும் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டார்கள். இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டு அந்தச் சண்டையைத் தீர்த்தவளும் அவள்தான்.

அதற்கு முன் அங்கே தொங்கியது ஒரு தகரம். ‘தையல் பயிற்சி’ என்று எழுதியிருக்கும். வீட்டுக்குள் தையல் மெஷின் ஒன்று இருந்தது உண்மை. ஊசிதான் கிடையாது.

“எதுக்கு ஒளியணும்? நாம என்ன தப்பா பண்றோம்?” என்று செண்பகவல்லி கேட்டாள். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். தகரம் கொல்லைக்குப் போனது.

பலகை ஏறியது. ஆள் வரத்து நின்றது.

வருகிறவளுக்கும் சேர்த்து உலை வைப்பது அந்த வீட்டு வழக்கம். செண்பகவல்லி வழக்கத்தை விடவில்லை. மதியம் பொங்கிவிட்டு வாசலைப் பார்ப்பாள். பிறகு புது நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். பின்னறையில்தான் அவள் படுக்கை. வேறு போக்கிடம் இல்லை. அழுகையும் சிரிப்பும் கேட்டுப் பழகிய வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்? பாழடைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பார்வையிட வந்த அதிகாரி வெறும் கூடத்தைப் பார்த்தார். “இப்படியே போனா மூட வேண்டியதுதாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே அவள் டீச்சர் வீட்டுக்கு ஓடினாள்.

“அரசாங்கமும் நம்ம கூட இருக்கு, பணம் தர்றவங்களும் கூட இருக்காங்க. பொம்பளைங்கதான் இல்ல. நான் எங்ஙன தப்பு பண்ணேன் டீச்சர்?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“செண்பகக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து நம்ம வீட்டைப் பார்த்திருக்கியளா?”

“நான் எப்பவும் உள்ளதானே இருக்கேன்.”

“வாங்க.”

இருவரும் மையத்துக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் டீக்கடை. பெஞ்சு நிறைய ஆண்கள். தெருவில் யார் எந்த வீட்டுக்குள் போகிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு ஜோலி இருந்ததாகத் தெரியவில்லை. எதிரே பலகை பளிச்சென்று இருந்தது. ‘குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி மையம்.’ செண்பகவல்லிக்கு அதைப் பார்க்க அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். பின்னால் ஒரு பெண் இறங்கினாள். சின்ன வயது. புழுக்கத்திலும் முந்தானையால் தோளை மூடியிருந்தாள். கையில் மஞ்சப்பை. அங்கும் இங்கும் பார்த்துவிட்டு இவர்களிடம் வந்தாள்.

“அக்கா, இங்ஙன ஒரு தையல் கிளாஸ் இருக்காம்லா. எங்கன்னு தெரியுமா?”

செண்பகவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. துள்ளி எழுந்தாள்.

“இந்தா, எதுத்தாப்லதாம்மா! அதேதான். வா, நான் கூட்டிட்டுப் போறேன்.”

அந்தப் பெண் அவள் கை காட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் செத்துப்போனது. திரும்பி டீக்கடை பெஞ்சைப் பார்த்தாள்.

“அது இல்லக்கா. நான் தையல் படிக்கத்தான் வந்தேன்.”

வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செண்பகவல்லி பின்னாலேயே போகக் காலெடுத்தாள். டீச்சர் கையைப் பிடித்தார்.

“இப்ப நீங்க கூப்பிட்டா அந்த பெஞ்சே திரும்பிப் பார்க்கும்.”

“ஐயோ டீச்சர், அவ போயிருவாளே!”

“நீங்க மொதமொத இங்ஙன வந்தப்ப கையில என்ன வச்சிருந்திய?”

செண்பகவல்லி அவர் பக்கம் திரும்பினாள்.

“ரவிக்கைத் துணி.”

“மாமியார்கிட்ட என்ன சொல்லிட்டு வந்திய?”

“தையல் படிக்கப் போறேன்னு.” அதை எப்படி மறந்தேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

“பலகை ஒப்பந்தத்துலயே இருக்கு டீச்சர்” என்றாள் அவள். “அதை இறக்கினா அரசாங்கம், பணம் தர்றவங்க ரெண்டு பேரும் நம்மள விட்டுட்டுப் போயிருவாவ. வாடகைக்கு வழி இல்ல. அந்தப் பின்னறையும் போயிரும். நான் எங்க போவேன்?”

டீச்சர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மடியிலிருந்த மஞ்சப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல துணியா இருக்கே. ரவிக்கைக்காம்மா?”

அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. செண்பகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

“டீச்சர், நான் கேட்டேனே. அவங்க ரெண்டு பேரும் நம்மள விட்டுட்டுப் போயிட்டா?”

டீச்சர் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார்.

“போகட்டும்க்கா. அவியளுக்குப் போறதுக்கு வேற எடம் இருக்கு.”